லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சொகுசு செடான்: வாங்குமுன் எழும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஐம்பது லட்சத்தை ஒட்டி விற்ற பிஎம்டபிள்யூ 520டி, மெர்சிடீஸ் இ-கிளாஸ், ஆடி ஏ6 போன்ற கார்கள் இன்று ஒரு புதிய ஹேட்ச்பேக்கின் விலைக்கே கிடைக்கின்றன. விளம்பரத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். கார் தேடும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையிலோ தமிழ்நாட்டின் வேறு ஊரிலோ, 2010 முதல் 2016 வரையிலான ஜெர்மன் செடான் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பவருக்கு இது பயன்படும்.

ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரை வாங்கலாமா?

வாங்கலாம். ஓடிய தூரத்தைவிட, அந்தத் தூரத்துக்கான காகிதங்கள் இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்றரை லட்சம் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் கார் ஒன்று. ஐம்பத்தைந்தாயிரம் ஓடியதாகச் சொல்லி, கேட்டால் “கோப்பு எங்கேயோ இருக்கிறது சார்” என்று இழுக்கும் கார் இன்னொன்று. நான் முதல் காரைத்தான் எடுப்பேன்.

எங்கே ஓடியது என்பதையும் கேளுங்கள். வாரம் ஒருமுறை பெங்களூர் போய் வந்த டீசல் கார், தி.நகரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் நான்கு கிலோமீட்டர் ஊர்ந்த காரைவிட நல்ல நிலையில் இருக்கும். டீசல் எஞ்சினின் புகைவடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, புகைபோக்கி நன்றாகச் சூடாக வேண்டும். நகர நெரிசலில் அது நடப்பதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சிலர் அதைப் பிடுங்கிவிட்டு மென்பொருளை மாற்றி ஓட்டுவார்கள். புகைபோக்கிக் குழாயின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் காரில் விரலில் கரி ஏறக்குறைய ஒட்டாது. மைபோல அப்பிக்கொண்டால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிஜிட்டல் மீட்டர் என்றால் திருத்த முடியாது என்பது பழைய நம்பிக்கை. மடிக்கணினியும் ஒரு கேபிளும் போதும். ஆனால் இந்தக் கார்களில் ஓடிய தூரம் ஓரிடத்தில் மட்டும் பதிவாவதில்லை. கியர்பாக்ஸ், விளக்குகள், பிரேக் என வெவ்வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் தடயம் இருக்கும். பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில் சாவியே கிலோமீட்டரைச் சேமித்து வைக்கும். முகப்பை மட்டும் திருத்தியவர் எல்லா இடத்தையும் திருத்தியிருப்பார் என்று சொல்ல முடியாது.

மின்னணுவை விடுங்கள், கண்ணுக்கே சில தெரியும். ஸ்டியரிங்கின் தோல் வழவழவென்று பளபளப்பது, ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற ஓரம் நைந்து மடிந்திருப்பது, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பது, ஜன்னல் பொத்தான்களில் எழுத்து அழிந்திருப்பது எல்லாம் அறுபதாயிரம் கிலோமீட்டரின் வேலை அல்ல. சொகுசு கார்களைப் பெரும்பாலும் ஓட்டுநர்களே ஓட்டியிருப்பார்கள் என்பதால் பின்னிருக்கையையும் சேர்த்துப் பாருங்கள். முன்னிருக்கை புதுசாக, பின்னிருக்கை மட்டும் அமுங்கிக் கிடந்தால் முன்னதற்கு உறை மாற்றியிருக்கிறார்கள்.

சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது என்கிறார். விட்டுவிடலாமா?

உடனே விட வேண்டாம். நிறுவனத்தின் சர்வீஸ் மையங்களில் சேஸிஸ் எண்ணை வைத்து, அங்கே செய்த பழைய சர்வீஸ்களின் வரலாற்றைக் கணினியில் எடுக்கலாம். உரிமையாளர் கூட வந்தாலோ கடிதம் கொடுத்தாலோ பெரும்பாலும் தருவார்கள். அவர் அதற்கும் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

வரலாறு கிடைத்ததும் கடைசிப் பதிவின் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். உத்தரவாதம் முடியும் வரை ஒழுங்காக வந்த கார், எழுபதாயிரத்தில் பெரிய எஸ்டிமேட் ஒன்று போட்டதும் காணாமல் போயிருக்கும். அந்த எஸ்டிமேட்டில் என்னென்ன எழுதியிருந்தது, அதில் எது செய்யப்படவில்லை? உங்களுக்கு வரப்போகும் செலவின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது.

அதே வருகையில் திரும்ப அழைப்பு ஏதேனும் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2018 இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ 520டி உள்ளிட்ட கார்கள் ஓடும்போதே தீப்பிடித்தது நினைவிருக்கலாம். கழிவுப் புகையைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பின் கூலரில் கசிவு ஏற்பட்டதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவிட்ட டகாடா ஏர்பேக் விவகாரமும் அப்படித்தான், பல நிறுவனங்களின் கார்களைத் தொட்டது. இந்த வேலைகள் இலவசம். செய்யாமல் விட்ட கார்களும் சந்தையில் உண்டு.

எஞ்சினில் எதைக் கவனிப்பது?

காலையில் போங்கள். விற்பவரிடம், “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இன்னொரு நாள் போவது நல்லது. குளிர்ந்த எஞ்சின் முதல் ஐந்து நொடியில் சொல்லும் உண்மையைச் சூடான எஞ்சின் சொல்லாது.

2010 க்குப் பிந்தைய பிஎம்டபிள்யூ 520டி கார்களில் முதலில் இருந்தது என்47 என்ற டீசல் எஞ்சின். வால்வுகளைப் பிஸ்டனின் அசைவோடு ஒத்துத் திறந்து மூடவைக்கும் அதன் டைமிங் செயின் எஞ்சினின் முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கத்தில் இருக்கிறது. செயின் தேய்ந்து தளர்ந்தால் பின்னாலிருந்து உலோகம் உரசுவது போன்ற சலசலப்பு கேட்கும், குறிப்பாக எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுகளுக்குள் ஓடும்போது. சத்தத்தை அலட்சியம் செய்து அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். செயினின் விலை பெரிதில்லை. அதை அடைய கியர்பாக்ஸையோ எஞ்சினையோ கீழே இறக்க வேண்டும் என்பதால் கூலிதான் கண்ணைக் கட்டும். தொடக்க ஆண்டுகளில் தயாரான எஞ்சின்களில் இது அதிகம். பிறகு பாகங்களில் மாற்றம் செய்தார்கள், அடுத்து வந்த பி47 இல் புகார் குறைந்தது.

மெர்சிடீஸ் இ220, இ250 சிடிஐ கார்களின் ஓஎம்651 எஞ்சினிலும் செயின் பின்பக்கம்தான். அதன் தொடக்ககால வடிவத்தில் டீசலைப் பீய்ச்ச வந்த டெல்ஃபி நிறுவனத்தின் பியசோ வகை இன்ஜெக்டர்கள் பெரும் தலைவலியாகி, நிறுவனமே பின்னர் சோலனாய்டு வகைக்கு மாறியது. பார்க்கும் காரில் மாற்றப்பட்டிருக்கிறதா என்பது சர்வீஸ் வரலாற்றில் தெரியும். எஞ்சின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி இன்ஜெக்டர்களின் அடியைப் பாருங்கள். கருப்புத் தார் போலக் கெட்டியாகப் படிந்திருந்தால் அடியிலுள்ள சீல் வழியே வாயு கசிகிறது என்று பொருள்.

கடைசியாக ஆயில். கார் தானே கணக்கிட்டு இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். ஐரோப்பியக் குளிருக்கும் நீண்ட சாலைகளுக்கும் போட்ட கணக்கு அது. நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் பத்தாயிரத்துக்கு ஒருமுறை மாற்றியவரின் காரைக் கண்டால் மற்றக் குறைகள் சிலவற்றை நான் மன்னித்துவிடுவேன்.

பெட்ரோல் என்றால் இந்தத் தொல்லை இல்லையே?

தொல்லையின் பெயர்தான் வேறு. 528ஐ போன்ற கார்களில் வந்த என்20 எஞ்சினில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைவதாகப் புகார் உண்டு. 2004 முதல் 2008 வரையிலான மெர்சிடீஸ் எம்272 வி6 எஞ்சின்களில், அதிர்வைக் குறைக்கச் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் தேயும். பிஎம்டபிள்யூ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. முன்னறிவிப்பு பெரிதாகத் தராமல் நின்றுவிடும். குளிர்விக்கும் குழாய் இணைப்புகள், கூலன்ட் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு எல்லாம் பிளாஸ்டிக். பத்துக் கோடைகள் கண்ட பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

கியர்பாக்ஸ் எண்ணெயை வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம் என்கிறார்களே?

யாருடைய வாழ்நாள் என்று கேட்க வேண்டும். பிஎம்டபிள்யூவில் உள்ள எட்டு கியர் பெட்டியைத் தயாரிப்பது இசட்எஃப் நிறுவனம். கார் நிறுவனம் வாழ்நாள் எண்ணெய் என்கிறது. பெட்டியைச் செய்தவர்களோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து எண்பதாயிரம் முதல் ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். நான் செய்தவர் பேச்சைத்தான் கேட்பேன். அதில் வடிகட்டியும் எண்ணெய்த் தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வருகின்றன. சேர்த்தே மாற்ற வேண்டும். எண்ணெய் மாற்றிய பில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

மெர்சிடீஸின் ஏழு கியர் பெட்டியான 722.9 இல் வேக உணரிகளும் மின்னணுத் தட்டும் பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். அது பழுதானால் கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். ஆடி ஏ6 இன் முந்தைய கார்களில் வந்த, தனித்தனி கியர்கள் இல்லாத மல்ட்டிட்ரானிக் பெட்டியை நான் தவிர்க்கவே சொல்வேன். நின்று கிளம்பும்போது நடுங்கும் ஒன்றை வாங்கியவர் படும்பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சோதிக்கும் முறை எளிது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடானபின் சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்தபடி ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கும் திரும்ப ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதமோ முதுகில் தட்டுவது போன்ற உதையோ இருக்கக் கூடாது. சிக்னலை நெருங்கி மெதுவாகும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதையும் கவனியுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்?

எஸ்-கிளாஸ், ஆடி ஏ8 பார்க்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. சுருள் கம்பிக்குப் பதில் காற்றுப் பைகள். ரப்பர் வெடித்துக் காற்று கசிந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். ஒன்றுக்கு இரண்டு செலவு. இரவு முழுவதும் நிறுத்தியிருந்த காரைக் காலையில் பாருங்கள். ஒரு மூலை மட்டும் நோயாளி போலச் சாய்ந்திருந்தால் பை போய்விட்டது.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று கண்டுபிடிக்க முடியுமா?

சென்னைக்காரர்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடுக்குமாடிகளின் அடித்தள நிறுத்தங்களில் கார்கள் வரிசையாக மூழ்கிக் கிடந்தன. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று தீர்த்த கார்கள் கழிவாக ஏலம் போகும். சில, கழுவித் துடைக்கப்பட்டு, வாசனைத் திரவியம் தெளிக்கப்பட்டு, வேறு ஊர்ச் சந்தையில் மறுபிறவி எடுக்கும்.

சொகுசு காரில் இது ஏன் இரட்டை ஆபத்து என்றால், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல தாழ்வான இடங்களில் இருக்கின்றன: இருக்கைக்கு அடியில், கால்விரிப்புக்கு அடியில், பேட்டரி இருக்கும் டிக்கியின் பள்ளத்தில். தண்ணீர் வடிந்த பிறகும் இணைப்புகளில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக உயிரை விடும். மூழ்கிய நிலையில் யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அப்போதைக்கு ஓடும், பிறகு ஒருநாள் உடையும்.

என் வழி இது. நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசிவரை இழுத்துப் பார்ப்பேன். மேலே சுத்தமாகத் துவைத்திருப்பார்கள். சுருளின் உள்ளே இருந்த கடைசி ஒரு முழத்தில் நீர்க்கோடும் சேற்று நிறமும் தங்கியிருக்கும். பெல்ட்டின் அடியில் தயாரிப்புத் தேதி உள்ள சீட்டு இருக்கும். 2013 காரில் 2016 தேதியிட்ட பெல்ட் என்றால் ஏன் மாற்றினார்கள்? வெள்ளம் அல்லது விபத்து. அடுத்து இருக்கையின் அடியில் செல்பேசி விளக்கை அடித்து, தண்டவாளத்தையும் திருகுகளையும் பார்ப்பேன். காருக்குள்ளேயே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கக் காரணமில்லை. ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், முகப்பு விளக்குக்குள் தங்கிய மங்கல், கால்விரிப்பைத் தூக்கினால் அடியிலுள்ள பஞ்சின் ஈரம், பிறகு மூக்கு. ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை மூடி பத்து நிமிடம் வெயிலில் உட்காருங்கள். ஊறிய பஞ்சின் நாற்றத்தை எந்த வாசனைத் திரவியமும் நீண்ட நேரம் மறைக்காது.

ஒரு விதிவிலக்கு. சன்ரூஃப் உள்ள கார்களில் மழைநீர் வடியும் குழாய்கள் அடைத்துக்கொண்டாலும் கால்விரிப்பு நனையும். அது வெள்ளம் இல்லை, ஆனால் மின்னணுவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

விபத்தில் சிக்கிய காரா?

கதவு, பானட் திருகுகளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா, இடைவெளிகள் இருபுறமும் ஒன்றாக இருக்கின்றனவா, கண்ணாடிகளில் உள்ள ஆண்டுக் குறி ஒன்றோடொன்று பொருந்துகிறதா பாருங்கள். பட்டி பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெயிண்ட் தடிமன் அளக்கும் சிறு கருவி போதும். ஏர்பேக் விளக்கு, சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதை வேலை செய்யாமல் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு கதவோ பம்பரோ மறுபெயிண்ட் ஆகியிருப்பதற்காக நல்ல காரை விட வேண்டாம். நம் சாலையில் அது சகஜம்.

காரின் பிழைக்குறிகளைப் படிக்க, கையிலுள்ள மலிவான ஸ்கேனர் போதுமா?

எஞ்சினுக்கு ஓரளவு போதும், காருக்குப் போதாது. இந்தக் கார்களில் டஜன் கணக்கில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். எல்லாவற்றையும் படிக்க பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடீஸுக்கு ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் என்று தனித்தனி மென்பொருள் உண்டு. அதை வைத்திருக்கும் பட்டறையில் சில ஆயிரம் கொடுத்து முழு அறிக்கை எடுங்கள். பத்து லட்சத்துக்கு முன் அது காசே இல்லை.

ஆனாலும் மலிவான ஸ்கேனரில் ஒரு நல்ல தகவல் உண்டு: பிழைக்குறிகளை அழித்தபின் கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். அது ஒன்பது கிலோமீட்டர் என்று வந்தால், நீங்கள் வருவதற்காக வீட்டைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

டெல்லி கார் மலிவாக இருக்கிறதே? புதுச்சேரிப் பதிவு?

பத்து ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்கு டெல்லி வட்டாரத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018 இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன்பின் தளர்வுகள் வந்திருந்தாலும், அங்கிருந்து மலிவு விலையில் தெற்கே கார்கள் வருவது அப்போதே பழக்கமாகிவிட்டது. விலையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அங்கிருந்து படிவம் 28 இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். காரின் வயதுக்கு ஏற்ப வரி எவ்வளவு என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, லாரிக் கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதி கரைந்திருக்கும்.

புதுச்சேரிப் பதிவு எண்ணும் அப்படித்தான். குறைந்த வரிக்காக அங்கே பதிவு செய்து இங்கே ஓட்டியவர்கள் பலர். வேறு மாநிலக் காரைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். முந்தைய உரிமையாளர் கட்டாமல் விட்டது உங்கள் தலையில் விழும்.

எந்தெந்தக் காகிதங்கள்?

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, காப்பீடு நடப்பில் இருக்கிறதா, அபராதங்கள் நிலுவையில் உள்ளனவா என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் வங்கியின் பெயர் நிற்கும். படிவம் 35 உம் வங்கியின் கடிதமும் கைக்கு வராமல் முழுப் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நிறுவனத்தின் பெயரில் பதிவான கார் என்றால், கையெழுத்திடுபவருக்கு அதற்கான அதிகாரம் உண்டு என்று நிறுவனத் தீர்மானக் கடிதம் கேளுங்கள். சொகுசு கார்களில் பாதி நிறுவனப் பெயரில்தான் இருக்கும் என்று தோன்றுமளவுக்கு இது வழக்கம்.

காப்பீட்டில் உள்ள நோ கிளெய்ம் போனஸ் காருக்கு அல்ல, ஆளுக்கு. விற்பவரோடு அது போய்விடும்.

ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும்?

காரின் விலை இறங்கிக்கொண்டே போகும், உதிரி பாகத்தின் விலை இறங்காது. பத்து லட்சத்துக்கு வாங்கினாலும் நீங்கள் பராமரிப்பது ஐம்பது லட்சக் காரைத்தான். யானையைக் கட்டித் தீனி போடும் கணக்கு. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுக்கென்று தனியே ஒதுக்க முடியாதவருக்கு, நான் ஒரு நல்ல ஹோண்டா சிட்டியைக் காட்டுவேன்.

செலவைக் குறைக்க வழியும் உண்டு. நிறுவன முத்திரையிட்ட பெட்டியில் வரும் பாகத்தை உண்மையில் செய்பவர்கள் லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ், மான் போன்றவர்கள். அதே பாகம் அவர்கள் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, உள்ளலங்காரத் துண்டுகளுக்கு, சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய் வரலாம். பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக் எதையும் அங்கே வாங்காதீர்கள்.

டயர், ஏசி?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் டயரின் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் பிஎம்டபிள்யூவின் ரன்ஃபிளாட் டயர்கள் விலை கூடுதல். ஏசியை உச்சி வெயிலில், நின்ற நிலையில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். காலைக் குளிரில் எல்லா ஏசியும் நன்றாகத்தான் இருக்கும்.

வாங்கியாகிவிட்டது. முதல் வாரம் என்ன செய்வது?

எஞ்சின் ஆயில், வடிகட்டிகள், பிரேக் எண்ணெய், கூலன்ட், பில் இல்லையென்றால் கியர்பாக்ஸ் எண்ணெய். விற்றவர் போன மாதம்தான் மாற்றினேன் என்றாலும் மாற்றுங்கள். பேட்டரி பழையதாக இருந்து மாற்றினால், பிஎம்டபிள்யூவில் புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் பழையதற்கு ஏற்றபடியே மின்னேற்றிப் புதியதைச் சீக்கிரம் கெடுக்கும். தெருமுனைக் கடையில் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொடுப்பவரிடம் அதற்கான கருவி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்க மறந்திருந்தால், இன்றே விற்றவருக்குப் போன் செய்யுங்கள்.